மாரிக்கு ஒரு சிவப்புக் கை

பாத்திரம் கழுவும் சிவப்பு ரப்பர் கையுறையில் வலது கையைக் காணவில்லை என்று மனிசி விடியற்காலையிலிருந்து குசினியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கை என் பழைய மொரிஸ் மைனர் காரின் பொனற்றுக்குள் இருந்தது.

பழி மச்சானைத்தான் சேரும். கார்த்திகை பிறந்தால் மொன்றியலில் இருந்து வீடியோவில் வந்துவிடுவான். டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் போடாவிட்டால் கியூபெக்கில் தண்டமாம். 7 பாகைக்குக் கீழே சாதாரண டயர் விறைத்துப்போகுமாம். ரேடியேற்றருக்குக் கூலன்ற் பாதி, தண்ணி பாதி ஊற்றினால் மைனஸ் 35இலும் உறையாதாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "உங்களுக்கென்ன அத்தான், வெயில்."

வெயிலா! திருகோணமலை மாரியை மறந்துபோனான். அவனுக்குப் பனி காருக்கு மேலே விழுகிறது, எனக்கு மழை காருக்குள்ளே விழுகிறது. கதவு ரப்பர் அப்பா காலத்தது. கடல்காற்றில் துருப்பிடித்துத் தரையில் ஓட்டை விழுந்திருப்பதால் வந்த தண்ணி தானாக இறங்கிவிடும், அந்த வசதி மொன்றியலில் கிடைக்காது. சிக்கல், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்புகிற டிஸ்றிபியூற்றரில்தான். அதன் மூடியில் ஈரம் ஏறினால் பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். அப்புறம் மைனர் இருமும், துப்பும், நகராது.

இதற்குப் பழைய மெக்கானிக்மாரின் வைத்தியம் ரப்பர் கையுறை. விரல் நுனிகளை வெட்டி அந்த மூடிக்கு மேலே மாட்டினால் நாலு விரலில் நாலு பிளக் வயர், பெருவிரலில் கொயில் வயர். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

இன்று வெள்ளி. கொட்டுகிற மழையில் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டோம். ஒரே திருகில் ஸ்ராட். மனிசி காருக்குள் குடையை விரித்துக்கொண்டு, "பரவாயில்லையே" என்றாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் இந்தக் காரைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டை வாசலடியில் ஒரு பழைய ஒஸ்ரின் கார் பொனற்றைத் திறந்தபடி நின்றது. பக்கத்தில் நனைந்துபோன ஒரு ஐயா. மரத்தடியில் நாலைந்து மான்கள், பேச்சுவார்த்தையில் கலந்துகொள்வது போல. பெருமை சும்மா இருக்குமா? இறங்கிப் போய், "ஐயா, இதைப் பாருங்கோ" என்று என் பொனற்றைத் தூக்கினேன்.

சிவப்புக் கை ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு கிடந்தது.

பின்னால் குடையோடு மனிசி. கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோயில் வாசல் என்றும் பாராமல் வாங்கிக்கட்டப் போகிறேன் என்று தலையைக் குனிந்தேன். அவளோ ஒஸ்ரினைப் பார்த்தாள், அந்த ஐயாவின் தலைக்கு மேலே குடையைப் பிடித்தாள்.

"மற்றதையும் கொண்டு வந்திருக்கலாம்" என்றாள்.