அடையாள அட்டை மாறும்வரை, மாறிய பின்னும்

இலங்கையின் தேசிய அடையாள அட்டை இலக்கமே ஒருவர் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டுகின்றன. பெண்ணாகப் பதியப்பட்டிருந்தால் அதனுடன் 500 கூட்டப்படும். மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. நான் திருநம்பி. பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள், நான் ஆண். குரல் தடித்து, மீசை அரும்பி, களுவாஞ்சிகுடி சலூனில் வரிசையில் உட்கார்ந்து முடி வெட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகும் அந்த 500 என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மட்டக்களப்பு வீதிகளில் சோதனைச் சாவடிகள் பெருகின. பஸ்ஸிலிருந்து இறங்கி அட்டையை நீட்டும்போது, அதிலிருந்த இரட்டைப் பின்னல் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 399ஆம் பிரிவு என்னைப் போன்ற திருநர் மீது பாய்ந்திருப்பதை நான் அறிந்திருந்தேன். அதனால்தான் அட்டையை மாற்றியே தீருவது என்று இறங்கினேன்.

சுகாதார அமைச்சு 2016இல் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இதற்கு வழி திறந்திருக்கிறது. அரச வைத்தியசாலையின் உளநல வைத்திய நிபுணர் நம்மைப் பார்த்து, பேசி, தேவையான சிகிச்சைக்கு அனுப்பி, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழில் கையொப்பமிட வேண்டும். அதைக் கொண்டு பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். திருத்திய சான்றிதழைக் கொண்டு ஆட்பதிவுத் திணைக்களத்தில் புதிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சொல்வதற்கு மூன்றே வாக்கியங்கள். நடப்பதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்.

உளநல கிளினிக் என்றதும் அம்மா பயந்துவிட்டார். "உனக்கு மூளையில் ஒன்றும் இல்லையே" என்று அழுதார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: இது மனநோய் அல்ல. உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் இது மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. வைத்தியர் நம்மைக் குணப்படுத்த அங்கே இருக்கவில்லை. நாம் யார் என்பதைக் கேட்டு, சாட்சியாக நிற்கவே இருக்கிறார்.

என் வைத்தியர் கேட்ட முதல் கேள்வியை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்றார். கிளினிக் கொப்பியில் பழைய பெயர்தான் இருந்தது. அதை வெளியே நின்று உரத்துக் கூப்பிட்டால் அந்த வாங்குகளில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். அன்று முதல் தாதி என்னை இலக்கத்தால் மட்டுமே அழைத்தார். சட்டம் மாறவில்லை, படிவம் மாறவில்லை. ஒரு மனிதர் நினைத்தார், அது நடந்தது. எந்த அலுவலகத்திலும் இதைச் செய்யலாம்: இலக்கத்தைக் கூப்பிடுங்கள், அல்லது முதலெழுத்தையும் தகப்பன் பெயரையும் சொல்லுங்கள். பாதி வேதனை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஹோர்மோன் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு இரவு ரயிலில் போய்வந்தேன். டெஸ்டோஸ்டெரோன் ஊசி, இடையிடையே இரத்தப் பரிசோதனை. குருதியின் அடர்த்தி கூடுகிறதா என்று பார்ப்பார்கள். ஊசியை நிறுத்தினாலும் தடித்த குரல் திரும்பாது என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார்கள். எல்லாத் திருநம்பிகளும் ஒரே சிகிச்சையை எடுப்பதில்லை. எது செய்தாய், எது செய்யவில்லை என்பது எனக்கும் என் வைத்தியருக்கும் இடையிலான விஷயம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைப் பெற்றவர், வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே "ஆபரேஷன் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது. "அதற்கான பதில் அந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் என்னைத் திருநங்கை என்று சொன்னார். இந்தக் குழப்பம் எங்கும் இருக்கிறது. ஆணாகப் பதியப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி. எங்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லத் திருநர் என்ற சொல் இருக்கிறது. இவை தமிழ்நாட்டில் வேரூன்றி எங்கள் பக்கம் வந்தவை. அங்கே 2022இல் அரசிதழிலும் மதிப்பான சொற்களின் பட்டியல் வெளிவந்தது. நம்பி என்பது ஆடவரில் சிறந்தவரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதனால் அந்தப் பெயரை நான் பெருமையோடு சொல்கிறேன். ஆனாலும் எல்லா இடத்திலும் அதை என் பெயருக்கு முன்னால் ஒட்ட வேண்டியதில்லை. கடையில் நான் வாடிக்கையாளர், பஸ்ஸில் பயணி, தெருவில் யாரோ ஒரு தம்பி.

"முன்பு பெண்ணாக இருந்தவர்" என்று என்னை அறிமுகப்படுத்துபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நான் எப்போதும் பெண்ணாக இருந்ததில்லை, பெண்ணாகப் பதியப்பட்டிருந்தேன். பழைய பெயரையும் கேட்காதீர்கள். அது தேவைப்படும் அலுவலகங்கள் எவை என்று எனக்குத் தெரியும். அங்கே நானே எழுதிக் கொடுக்கிறேன்.

வீட்டில் நடந்தது இதைவிடப் பெரியது. எங்கள் பக்கம் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மூத்த பிள்ளை நான். எனக்கென்று அப்பா அத்திவாரம் போட்ட வீடு பாதியில் நின்றது. உறவினர்கள் என் பெயரைவிட அந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அதைத் தங்கைக்கே எழுதுங்கள் என்று நானே சொன்னேன். தாய்வழிக் குடியில் சிக்கல் எழவில்லை; மகனுக்கும் மகளுக்கும் தாயின் குடிதான். கோயில் திருவிழாவில் எங்கள் குடியின் முறை வந்தபோது பெரிய மாமா என்னை ஆண்களோடு நிற்கச் சொன்னார்.

தங்கை ஒரே நாளில் "அண்ணா" என்றாள். அம்மா நீண்ட காலம் எந்தச் சொல்லாலும் என்னைக் கூப்பிடாமல் சமாளித்தார். "சாப்பாடு வைத்திருக்கிறது" என்பார், யாருக்கு என்று சொல்லமாட்டார். தமிழில் அப்படி நெடுநாள் பேச முடியாது. வினைமுற்று வந்து நின்றுவிடும். பெரிய மாமாவுக்கும் அதே தவிப்பு. "வந்தாள்" என்று சொல்ல அவருக்கு மனமில்லை, "வந்தான்" நாவில் வரவில்லை. "வந்தாரா?" என்று கேட்கத் தொடங்கினார். மருமகனுக்கு இந்த மரியாதை எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவர் தேடிக் கண்டுபிடித்த வழி அது, அதை நான் மனதார ஏற்றுக்கொண்டேன். எப்படி அழைப்பது என்று தெரியாதவர்களுக்கு "நீங்கள்", "அவர்" எப்போதும் கையில் இருக்கின்றன. அதற்குப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அம்மா இப்போது "மகன்" என்கிறார்.

புதிய அட்டை வந்துவிட்டது, புதிய இலக்கத்தோடு. இலக்கம் மாறுவதால் வேலை அதோடு முடிவதில்லை: வங்கிக் கணக்கு, சிம் அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், ஊழியர் சேமலாப நிதி என்று பழைய இலக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போகவேண்டும். இந்த வழியில் வரப்போகும் தம்பிமாருக்குச் சொல்வது இதுதான்: பழைய அட்டையைக் கையளிக்கும் முன் இரண்டு பக்கங்களையும் பிரதியெடுத்து வையுங்கள். சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். முதல் தடவை போகும்போது உங்களைச் சரியான பெயரால் கூப்பிடும் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். என்னோடு தங்கை வந்தாள். அவள் "அண்ணா, இங்கே கையொப்பம்" என்று சொன்னதைக் கேட்ட பிறகு, அந்த மேசையில் இருந்தவரும் என்னைத் தம்பி என்றுதான் அழைத்தார்.