விதி 52-ஐ முதலில் படியுங்கள்

நேற்று மாலை மதிப்பெண் வந்தது: ஏ மைனஸ். இடைப்பருவத் தேர்வில் வாங்கிய சி-யை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. ஊரில் ஆறு ஆண்டுகள் குற்ற வழக்கு நடத்திவிட்டு அமெரிக்காவுக்கு எல்.எல்.எம். (சட்ட முதுநிலை) படிக்க வந்தவள் நான். அதே வழியில் வந்து ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்றங்களின்) குற்றவியல் நடைமுறை விதிகளைப் பாடமாக எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இடைப்பருவக் கேள்வி இதுதான். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். விதி 11-இன்படி நீதிபதி அவரிடம் நேரில் சொல்ல வேண்டியவற்றில் ஒன்று விடுபட்டுப்போகிறது: வழக்கு விசாரணைக்குப் போனாலும் வழக்குரைஞரின் உதவி உண்டு என்பது. மேல்முறையீட்டில் என்ன ஆகும்? விதி மீறப்பட்டது, ஒப்புதல் செல்லாது என்று மூன்று பக்கம் எழுதினேன். கேள்வியின் இரண்டாம் வரியில் "அவருடைய வழக்குரைஞர் எதுவும் சொல்லவில்லை" என்று இருந்தது. அதை வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வான் வழக்கே அந்தக் கேள்வி என்பது விடைத்தாள் திரும்பி வந்தபோதுதான் உறைத்தது.

பிழையை மேல்முறையீட்டில் எப்படி அளப்பது என்று சொல்வது விதி 52. கீழ் நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்பியிருந்தால் 52(ஏ): பிழையால் பாதிப்பில்லை என்று அரசு காட்ட வேண்டும். எழுப்பவில்லையென்றால் 52(பி): சுமை முழுவதும் எதிரியின் தலையில். பிழை உண்டா, அது வெளிப்படையானதா, முக்கிய உரிமையைப் பாதித்ததா என்று ஒலானோ வழக்கின் (1993) மூன்று படிகளையும் அவர் தாண்ட வேண்டும். தாண்டினாலும், நீதிமன்ற நடவடிக்கையின் நியாயத்துக்கும் நற்பெயருக்கும் அது பெரும் ஊறு செய்ததா என்று பார்த்துத்தான் நீதிமன்றம் தலையிடும். குற்ற ஒப்புதல் என்றால் டோமிங்கெஸ் பெனிடெஸ் (2004) கூடுதலாக ஒன்று கேட்கிறது: பிழை நேராதிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்பதற்கு நியாயமான வாய்ப்பு இருந்ததா?

இந்தியாவில் நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465-ஆம் பிரிவும், ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்கலாமே என்று கேட்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே அது கருத வேண்டிய அம்சங்களில் ஒன்று. இங்கே மௌனம் அளவுகோலையே மாற்றிவிடுகிறது. 465-ஐப் பழகிய கண்ணோடு வருபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள்.

அதன்பிறகு எந்தக் கேள்வியைப் படித்தாலும், யார், எப்போது, என்ன சொன்னார் என்பதற்குச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். பிழையைத் தேடியது அதற்குப் பின்புதான்.

இறுதித் தேர்வில் கேள்வி வேறு வேடத்தில் வந்தது. வழக்குரைஞர் குறைந்த தண்டனை கேட்கிறார். நீதிபதி அதிகம் விதிக்கிறார். ஆட்சேபம் என்ற சொல்லே யார் வாயிலும் இல்லை. பக்கத்து இருக்கைத் தோழி 52(பி) என்று எழுதிவிட்டாள். நான் 51(பி)-க்குப் போனேன். நீதிமன்றம் இன்னது செய்ய வேண்டும் என்று கோரிவிட்டாலே போதும். தண்டனை மிக நீண்டது என்ற வாதம் மேல்முறையீட்டுக்காகக் காப்பாற்றப்பட்டுவிடும். ஹோல்கின்-ஹெர்னாண்டஸ் (2020) சொல்வது அதைத்தான். என்னை ஏ மைனஸுக்குத் தூக்கியது அந்த ஒரு விடை என்றே நம்புகிறேன்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை:

- விதி 5.1 (முதற்கட்ட விசாரணை): எதிரி காவலில் இருந்தால் 14 நாளுக்குள், வெளியே இருந்தால் 21. அதற்குள் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) குற்றம் சாட்டிவிட்டால் அந்த விசாரணையே கிடையாது.
- விதி 6: கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர், குற்றம் சாட்ட 12 பேர் இசைய வேண்டும். ரகசியக் கட்டுப்பாடு சாட்சிக்கு இல்லை.
- விதி 24: காரணம் சொல்லாமல் ஜூரரை (வழக்கு விசாரணை ஜூரியின் உறுப்பினரை) நீக்கும் உரிமை மரண தண்டனை வழக்கில் இரு தரப்புக்கும் தலா 20. மற்றப் பெருங்குற்றங்களில் அரசுக்கு 6, எதிரிக்கு 10.
- விதி 33 (மறுவிசாரணை கோருவது): புதிய சான்று கிடைத்தால் 3 ஆண்டு, மற்றக் காரணங்களுக்கு 14 நாள்.
- விதி 35(ஏ) (தண்டனையில் தெளிவான பிழையைத் திருத்துவது): 14 நாள். கால நீட்டிப்பு பற்றிய 45(பி)-ஐக் காட்டி இதை நீட்டிக்க முடியாது.

கூட்டாகப் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு பேர் பேசினால் யாரும் விதியைத் திறப்பதில்லை. தனியாக அறையில் நின்று, நீதிபதியின் இடத்திலிருந்து விதி 11-ஐ உரக்கப் படித்தேன். பத்து நாள் அப்படிப் படித்தபின், எந்த வரி விடுபட்டாலும் காது கண்டுபிடித்தது.

நூலகத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். 2009-க்கு முன் அச்சானவற்றில் 14 நாள் வர வேண்டிய பல இடங்களில் 7 என்றோ 10 என்றோ இருக்கும். வார இறுதி நாட்களைக் கணக்கிடும் முறையும் வேறு. உங்கள் புத்தகம் விதி 61-உடன் முடிகிறதா? நெருக்கடிக் காலத்துக்கான விதி 62 வந்தது 2023 டிசம்பரில். புதிய பதிப்பை வாங்கிவிடுங்கள்.