மான் தின்ற வயர் வரிசை

எங்கள் காருக்குச் சாவதற்கென்றே ஓர் இடம் இருந்தது. திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியில், வீட்டு வாசலில் காலையில் ஒரே சாவித் திருப்பலில் உயிர் பிடிக்கும். சாம்பல்தீவு தாண்டும்வரை ஒரு குறை சொல்ல ஏலாது. உப்புவெளியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களை அடக்கம் செய்திருக்கிற யுத்த மயானம் இருக்கிறதே, அதன் வாசலுக்கு நேரே வந்ததும் இரண்டு தரம் விக்கும், ஒரு தரம் குலுங்கும், அவ்வளவுதான். உள்ளே வெட்டிவிட்ட புல்லும் வரிசை பிசகாத கற்களுமாக ஒரே அமைதி. வெளியே பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான். ஒரு நாள் ஓட்டோவில் வந்து இறங்கிய வெள்ளைக்காரச் சோடி ஒன்று, எத்தனை மணிக்குக் கேற்றைப் பூட்டுவீர்கள் என்று என்னிடம் கேட்டது. அங்கே நான் அவ்வளவு நிரந்தரமாகத் தெரிந்திருக்கிறேன்.

இருபது நிமிடம் நின்றால் போதும், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். அதுதான் எரிச்சல். அடிக்கடி அரைநாள் லீவு எடுக்கிற கந்தோர்க்காரன் மாதிரி, வேலையை விட்டும் போகாது, வேலையும் செய்யாது.

கார் 1982ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா, கே.ஈ. 70. மாமா விட்டுப்போன சொத்து. "1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் எங்கட துறைமுகத்துக்குக் குண்டு போட்டான். மிச்சத்தைச் சரியா நாப்பது வருசத்துக்குப் பிறகு காராக அனுப்பினவன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். விற்கலாமே என்பீர்கள். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய காரெல்லாம் பொன்விலை ஆகிவிட்டது. விற்றால் நல்ல காசுதான். ஆனால் அந்தக் காசுக்கு அடுத்தது வாங்கப் போனால், ஓட்டோவின் முன்சில்லு வரைக்கும்தான் கட்டும். அதோடு மனிசிக்கு அது அப்பாவின் கார். அதற்கு மேல் பேச்சில்லை.

கடற்கரை ஊரில் கார் வைத்திருப்பது தகரத்தை உப்பில் ஊறப்போடுகிற வேலை. இடப்பக்கக் கதவின் கீழ்விளிம்பை நான் துருவுக்குத் தாரைவார்த்து நாளாகிவிட்டது. கால் வைக்கிற இடத்தில் ஓர் ஓட்டை. அதன்மேல் தகரத்துண்டு வைத்து, அதன்மேல் கம்பளம் போட்டு, அதன்மேல் காலை வைக்காதீர்கள் என்று வாயால் சொல்லிச் சமாளிக்கிறேன்.

நானே செய்து வெற்றி கண்ட ஒரு திருத்தம் உண்டு. பெற்றோல் தாங்கி மூடியின் றப்பர் வாசர் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. வளைவுகளில் பெற்றோல் தளும்பி மணக்க, பின்சீட்டில் இருக்கிற மாமிக்குத் தலைசுற்று. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக் கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தில், பெற்றோல் வரிசையில் நின்று ஒரு வித்தை பழகியிருந்தேன். பெற்றோல் கானின் வாயில் சொப்பிங் பையை இரண்டாக மடித்து வைத்து மூடியை இறுக்கினால் ஒரு சொட்டும் சிந்தாது. அதையே காருக்கும் செய்தேன். ஒரு நிமிட வேலை, ஒரு சதம் செலவில்லை, மணமும் போய்விட்டது. "தம்பிக்குக் கைராசி" என்றார் மாமி. அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

முதலில் கராஜுக்குத்தான் போனேன். பாஸ் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். "இறக்கிப் பாக்கோணும்." எவ்வளவு வரும் என்றேன். "இறக்கினால்தான் தெரியும்." இந்தப் பதிலை ஆஸ்பத்திரியில் கேட்டால் மனிதன் பயப்படுவான். கராஜில் கேட்டால் வீட்டுக்கு ஓடுவான். ஓடி வந்து அப்பாவின் ஸ்பனர் பெட்டியை இறக்கினேன்.

அப்பா மொரிஸ் மைனர் வைத்திருந்தவர். பெட்டி முழுக்க இஞ்சிக் கணக்கு. அரை இஞ்சி என்றால் 12.7 மில்லிமீற்றர். டொயோட்டாவின் நட்டு 12 மில்லிமீற்றர். அந்த 0.7 மில்லிமீற்றருக்குள் என்ன வந்துவிடும் என்று நினைத்து ஓர் இழுப்பு இழுத்தேன். நட்டு அப்படியே நிற்க, அதன் ஆறு மூலையும் உருண்டு ரம்புட்டான் கொட்டை மாதிரி ஆகிவிட்டது. முழங்கையில் தோல் போன இடம் இப்போதும் இருக்கிறது. 10, 12, 14, 17 என்று மில்லிக்கணக்கில் ஒரு செட், 4,200 ரூபா. சேமிப்புப் பயணம் செலவோடு தொடங்கியது.

அது ஆடி மாதம். கச்சான் காற்று நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது. சூட்டில் பெற்றோல் பம்பிலேயே ஆவியாகி அடைக்குது, பம்பில் ஈரத்துணி போடு என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. மயான வாசலில் நின்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்குப் போடுவது போல நனைத்த துணியைப் பம்பில் போட்டேன். பிழிந்தேன், திருப்பிப் போட்டேன். இருபது நிமிடத்தில் கார் உயிர்த்தது. ஆகா! மறுநாள் அதே இடத்தில் செத்தது. துணி போட்டேன், இருபது நிமிடத்தில் உயிர்த்தது. துணி போடாமலும் அதே இருபது நிமிடம்தான் என்பது ஒரு கிழமையாக என் மண்டையில் ஏறவில்லை.

பிறகு கொண்டாக் பொயின்ற். இந்தக் கார்களில், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்னத் தலைகள் தொட்டுத் தொட்டு விலகித்தான் பொறி வரும். விலகும் இடைவெளி 0.45 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அளக்கிற தகடு என்னிடம் இல்லை. கலியாணக் கார்ட்டைக் கிழித்து மடித்து வைத்தேன். பொயின்றும் கண்டென்சரும் 1,800. சூடானால் உள்ளே அறுந்துபோகிற கொயில் கூட உண்டு என்று யாரோ சொல்ல, கொயில் 6,500. பிளக் நாலு, 3,600. மனிசி ஒவ்வொரு சிட்டையையும் பிரிஜ்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு மாமியைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். போகும்போது மயானத்தில் வழக்கமான சாவு, வழக்கமான உயிர்ப்பு. அர்ச்சனை முடித்துத் திரும்பினால், கோயில் இருக்கிற பிரெடரிக் கோட்டைக்குள் நிழல் மரத்தடியில் மறுபடி நின்றது. கடற்காற்றின் ஈரம் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்கியிருக்கும் என்று புதிய ஞானம் பிறந்தது. மூடியைத் துடைக்க நாலு பிளக் வயரையும் கழற்ற வேண்டும். எது எங்கே என்பதைக் கெட்டிக்காரத்தனமாக அர்ச்சனைச் சிட்டையின் பின்புறத்தில் கீறினேன். அதைப் பறக்காமல் மட்காட்டில் வைத்து, மேலே பிரசாத வாழைப்பழத்தைப் பாரமாக வைத்தேன்.

திருகோணமலைக்காரருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள் மான்கள் நம் ஊர் மாடு மாதிரித்தான் திரியும். குனிந்து மூடியைத் துடைத்து நிமிர்ந்தேன், ஒரு புள்ளிமான் பழத்தை முடித்துவிட்டுச் சிட்டையின் கடைசி முனையை மென்றுகொண்டிருந்தது. கண்ணை நேரே பார்த்துக்கொண்டு மென்றது.

"அர்ச்சனைத் துண்டையே தின்னக் குடுத்திட்டீங்களே தம்பி" என்றார் மாமி, கார் கண்ணாடியை இறக்கி.

நாலு வயர், நாலு துளை. இருபத்துநாலு விதமாகச் செருகலாம். கணக்கு எனக்கு நன்றாக வரும், அதனால் நம்பிக்கையோடு தொடங்கினேன். மூன்றாவது விதத்தில் சைலன்சர் வழியாக 'டொம்' என்று ஒன்று போனது. எங்கள் ஊரில் வயது வந்தவர்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் குனிவார்கள், பிறகுதான் பார்ப்பார்கள். தேங்காய்த் தட்டோடு போன ஐயா ஒருவர் தட்டோடு குந்திவிட்டார். கோட்டைக்குள் இராணுவ முகாம் வேறு இருக்கிறது. சிப்பாய்ப் பொடியன் ஒருவன் விரைந்து வந்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஸ்பனரைக் கீழே வைத்ததில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்தான். "கே.ஈ. செவன்டி? எங்கட அப்பாவும் இது" என்றான் உடைந்த தமிழில். துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு, முதலாவது பிளக்கைக் கழற்றச் சொன்னான். அந்தத் துளையில் பெருவிரலை வைத்து அழுத்தினான். நான் சாவியைத் தொட்டுத் தொட்டு விட, காற்று விரலைத் தள்ளிய கணத்தில் "போதும்" என்றான். அந்தக் கணத்தில் டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றுகிற ரோட்டர் எந்தத் துளையைக் காட்டுகிறதோ அது ஒன்றாம் வயர். ரோட்டர் சுற்றும் திசையில், சிலிண்டர்கள் வெடிக்கிற ஒழுங்குப்படி மற்ற மூன்றையும் சொருகினான். கார் ஒரே திருப்பலில் பிடித்தது. நான் தேத்தண்ணிக்கு நீட்டிய காசை வாங்கவில்லை. மாமி மிச்சமிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தார், அதை வாங்கினான்.

மூடியைத் துடைத்ததுதான் மருந்து என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அங்கே முக்கால் மணித்தியாலம் நின்றதுதான் மருந்து. அது புதன்கிழமை வெளித்தது. வழியில் பெற்றோல் செட்டுக்கு ஐம்பது யார் இருக்கும்போதே கார் விக்கியது. இறங்கித் தள்ளினேன். எப்படியும் வந்துவிட்டோம், அடிப்போம் என்று பொடியனிடம் சாவியைக் கொடுத்தேன். மூடியைத் திருகினான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்..."

"அண்ணை, உங்கட டாங்கி பெருமூச்சு விடுது" என்றான்.

எட்டிப் பார்த்தேன். நான் மடித்து வைத்த ரோசாநிறச் சொப்பிங் பை குழாய்க்குள் ஒரு விரல் நீளத்துக்கு உறிஞ்சப்பட்டு, இறுகி, உள்ளே ஊதின பலூன் மாதிரி நின்றது. கையால் இழுத்தபோது 'பொக்' என்று கழன்றது. காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். இருபது நிமிடம் இல்லை, இரண்டு செக்கன். பிடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மனிசிக்கு விளக்கப்படுத்தினேன். பம்ப் பெற்றோலை உறிஞ்ச உறிஞ்ச, தாங்கிக்குள் அந்த இடத்துக்குக் காற்றுப் போக வேண்டும். இந்தக் காருக்குக் காற்று போவது மூடியில் இருக்கிற சின்னத் துளையால். அதை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடமாகி, பம்ப் இழுக்க ஏலாமல்...

"டின்பாலுக்கு ரெண்டு ஓட்டை குத்தோணும்" என்றாள் அவள், பானைக்குள் இருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு ஓட்டை எண்டால் ஊத்துப்படாது. எட்டு வயசில இருந்து எனக்குத் தெரியும்."

பிரிஜ்ஜில் இருந்த சிட்டைகளை எடுத்துக் கூட்டினாள். ஸ்பனரோடு சேர்த்து 16,100 ரூபா. அதற்கும் வாய் திறக்கவில்லை, கல்குலேற்றரை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கொயிலும் பொயின்றும் புதுசாகத்தானே இருக்கிறது, வீண்போகாது என்று நான் சொன்னதைச் சுவர் கேட்டுக்கொண்டது.

பிறகு நான்கு முறை மயானத்தைக் கடந்தோம், கார் நிற்கவில்லை. நாலாம் முறை வளைவில் திரும்பும்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மாமி பாதித் தேசிக்காயை மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இருந்தார்.

"தம்பி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "அந்தப் பையைத் திருப்பி வைக்க ஏலாதோ?"