டவர் டம்ப்புல எங்கம்மா நம்பர்

நான் ஒரு செல்போன் கம்பெனியோட நோடல் டெஸ்க்ல வேலை பார்த்தவ. போலீஸ், மத்த ஏஜென்சிங்க கேக்கற ரெக்கார்டெல்லாம் எடுத்துக் குடுக்கற எடம் அது. இது தெரிஞ்சா எங்க காசிமேட்டுல எல்லாரும் மொதல்ல கேக்கறது, "ஏம்மா, நாம பேசறதெல்லாம் கேப்பாங்களாமே, நெஜமா?"ன்னுதான்.

ஒட்டுக்கேட்புக்காச்சும் ஒரு கட்டுப்பாடு இருக்கு. சாதாரணமா ஹோம் செக்ரட்டரி ஆர்டர் வேணும், 60 நாள்ல முடியும், நீட்டிச்சாலும் மொத்தம் 180 நாள்தான், ரிவ்யூ கமிட்டி பாக்கணும். 2025 ஜூலைல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 2011ல போட்ட ஒரு ஒட்டுக்கேட்பு ஆர்டரையே ரத்து பண்ணுச்சு. ஆனா சிடிஆருக்கு, அதாவது யாரு யாருக்குப் போன் போட்டாங்கங்கற ரெக்கார்டுக்கு, இந்தளவு கெடுபிடி கெடையாது, ஜட்ஜ் கையெழுத்து வேணாம், எஸ்பி, டிசி ரேங்க்ல இருக்கறவங்க ஆபீஸ் மெயில்லேர்ந்து ஒரு லெட்டர் வரும், முன்னாடி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சிஆர்பிசி 91வது பிரிவுன்னு போட்டு வரும், 2024 ஜூலைலேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 94, நாங்க எடுத்து அனுப்பிடுவோம். பேசுனது அதுல இருக்காது. யாரு, யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்ளோ நேரம், எந்த டவர், எந்த செட்டு, இவ்ளோதான். 2021 டிசம்பர்லேர்ந்து இதை கொறஞ்சது 2 வருஷம் கம்பெனி வெச்சிருந்தே ஆகணும்.

டவர் டம்ப்ங்கறது இன்னும் மோசம். அதுல ஒரு ஆளைக் கேக்க மாட்டாங்க, ஒரு டவரைக் கேப்பாங்க, இந்த மணிலேர்ந்து இந்த மணி வரைக்கும் அந்த டவர் வழியா பேசுன அத்தனை நம்பரும் வேணும்னு. ஒரு தடவை எங்க காசிமேடு மீன்பிடி ஹார்பர் பக்கத்து டவருக்கே கேட்டு வந்துச்சு, விடிகாலை நேரம். அந்த நேரத்துல அங்க யாரு இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், ஏலம் எடுக்கறவங்க, ஐஸ் ஏத்தறவங்க, கூடைய வெச்சிக்கிட்டு நிக்கற பொம்பளைங்க, லாரிக்காரங்க. அனுப்பறதுக்கு முன்னாடி எக்செல்ல கட்டமெல்லாம் சரியா வந்திருக்கான்னு ஓட்டிப் பாத்துட்டிருந்தப்ப ஏ பார்ட்டி, அதாவது போன் போட்டவங்க கட்டத்துல எங்கம்மா நம்பர். 3.52க்கு 40 செகண்ட், பி பார்ட்டி, அதாவது எடுத்துப் பேசுனவரு, எங்க தெரு ஆட்டோக்கார அண்ணன். மீன் வாங்கிட்டேன், வாப்பான்னு சொல்லிருக்கும், வேற என்ன. ஃபைலை அப்படியேதான் அனுப்பணும், அனுப்புனேன், ஆனா அன்னிக்கு வயித்தக் கலக்கிடுச்சு.

ஏன்னா எங்கம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. அந்த ஃபைல்ல இருந்த ஒருத்தருக்கும் தெரியாது, உன் ரெக்கார்டை எடுத்தோம்னு சொல்லணும்னு ரூலே இல்ல. எங்க ஏரியா பேரைக் கேட்டாலே சந்தேகமா பாக்கற ஊர்ல, லிஸ்ட்ல நம்பர் இருக்குன்னு ஒரு பையன ஸ்டேஷனுக்குக் கூப்ட்டா அவன் வேலை போயிடும், தெருவுல பேரு போயிடும்.

வெறும் நம்பர்தானேம்மான்னு எங்க சீனியர் ஒருத்தர் சொல்வாரு. எனக்கு அது ஒத்துக்கவே முடியல. ஒருத்தர் போன் வாரத்துல மூணு நாள் காலைல ஸ்டான்லி ஆஸ்பத்திரி டவர்ல நாலு மணி நேரம் கெடக்குதுன்னா அவரு டயாலிசிஸுக்குப் போறாருன்னு கண்டுபிடிக்க பேச்சு எதுக்கு? ராத்திரி எந்த வீட்ல தங்கறாங்க, எந்த வக்கீலுக்குப் பேசுறாங்க, எந்த சங்கத்து மீட்டிங்குக்குப் போறாங்க, எல்லாம் அந்த எக்செல்லயே இருக்கு.

போலீஸுக்கு இது தேவையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். கொழந்தை காணாமப் போன கேஸுக்கு ராத்திரி முழுக்க உக்காந்து லொகேஷன் எடுத்துக் குடுத்திருக்கேன், அதுல எனக்குப் பெருமைதான். ஆனா 2017 ஆகஸ்ட் 24ல புட்டசாமி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் 9 ஜட்ஜும் ஒரே மாதிரி பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க, அரசாங்கம் அதுல கை வெச்சா சட்டம் வேணும், நியாயமான காரணம் வேணும், தேவைக்கு மேல போகக் கூடாதுன்னாங்க. ஒரு ஆளைத் தேட ஒரு ஹார்பரையே அள்றது தேவைக்கு மேல இல்லையா? அப்புறம் 2023ல நம்ம சொந்த டேட்டாவைப் பாதுகாக்கன்னு ஒரு சட்டம் வந்துச்சே, பாதுகாப்பு கெடைக்கும்னு நானும் ஆசையா படிச்சேன், 17வது பிரிவுல குற்ற விசாரணைக்கு பெரிய விலக்கு, மத்திய அரசு அறிவிக்கற ஏஜென்சிங்களுக்கு மொத்தமாவே விலக்கு.

நான் கேக்கறது இதுதான்: டவர் டம்ப்புக்காச்சும் ஒரு மாஜிஸ்ட்ரேட் பாத்து கையெழுத்து போடணும், விசாரணை முடிஞ்சா சம்பந்தமில்லாதவங்க நம்பரை அழிக்கணும், அழிச்சத எழுத்துல குடுக்கணும். நான் அந்த டெஸ்க்ல இருந்த வரைக்கும் அப்படி அழிச்சிட்டோம்னு ஒரு லெட்டர் கூட வந்ததில்ல, வந்திருக்கான்னு கேக்கற அதிகாரமும் எங்களுக்கு இல்ல.