ஸ்லைடரைத் தொடுவதற்கு முன்

ஆசிரியப் பயிற்சி முடியப் போகிறது. என் பாடம் கணக்கு. வகுப்பறையில் தொழில்நுட்பம் பற்றித் தேர்வில் கேட்டால் ஆர்வம் கூடும், கவனம் கூடும், கற்றல் இனிமையாகும் என்று நாங்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். நானும் பாடி மதிப்பெண் வாங்கியவன்தான்.

பயிற்சிக்குப் போன இடத்தில் பரவளையம் (கிண்ணம் மாதிரி வளைந்த கோடு) நடத்த வேண்டியிருந்தது. ராத்திரி கண்விழித்து ஜியோஜீப்ராவில் ஸ்லைடரெல்லாம் (இழுத்தால் சமன்பாட்டின் எண் மாறும் பட்டை) வைத்து, நிறமெல்லாம் கொடுத்து ஒரு படம் தயார் செய்தேன். (2001இல் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வாகத் தொடங்கிய மென்பொருள் இது. ஒரு மாணவர் ஆரம்பித்தது என்பதில் எனக்குக் காரணமில்லாத ஒரு பெருமை.) திரையில் வளைவு விரிந்து, சுருங்கி, தலைகீழாகக் கவிழ, பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கரும்பலகையில் ஒரு பரவளையத்தை வரைந்து, எக்ஸ் வர்க்கத்தின் குணகம் மிகையா குறையா என்று கேட்டேன். பாதிப் பேர் திரையைப் பார்த்தார்கள். அது அணைந்திருந்தது.

ஸ்லைடரை நகர்த்தியதும் நான், கேள்வி கேட்டதும் நான், பதில் சொன்னதும் நான். அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பிரிவுக்கும் அதே பாடம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் பி எக்ஸ். பி பூஜ்யமாக இருக்கும்போது வளைவின் முனை, அதாவது அது திரும்பும் இடம், ஆதிப்புள்ளியில் இருக்கிறது, பி-யைக் கூட்டிக்கொண்டே போனால் முனை எங்கே போகும், தாளில் வரைந்து வையுங்கள், அப்புறம்தான் ஸ்லைடர் என்றேன். பெரும்பாலானவர்கள் வலப்பக்கம் நேராக நகரும் என்று வரைந்தார்கள், சிலர் மேலே ஏற்றினார்கள். நகர்த்தினேன். முனை இடப்பக்கமாகக் கீழே இறங்கியது. "சார், கம்ப்யூட்டர் தப்பு" என்றான் ஒருவன். சரி, நிரூபி என்றேன். எண்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்: பி 2 என்றால் முனை (−1, −1), 4 என்றால் (−2, −4). முனை போகும் பாதையே கவிழ்ந்த இன்னொரு பரவளையம் என்று கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். நான் சொல்லித்தரலாம் என்று வைத்திருந்தது அது.

சாக்பீஸில் இதைச் செய்ய முடியாதா? முடியும், ஆனால் ஒவ்வொரு பி-க்கும் தனியாக வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கருவி அதற்குத்தான். புத்தகப் பக்கத்தைப் படமெடுத்துத் திரையில் போட்டு வாசிப்பதற்கு எதற்குப் புரொஜெக்டர்? கேபிள் தேடவே பத்து நிமிடம் போகிறது. சினிமா வந்தாயிற்று, இனிப் பள்ளிக்குப் புத்தகம் தேவைப்படாது, பத்தே வருடத்தில் எல்லாம் மாறிவிடும் என்று 1913இலேயே எடிசன் சொல்லிவிட்டார். புத்தகம் இன்னும் பையில்தான் கனக்கிறது.

டேப்லெட்டில் நடத்தும் குட்டி வினாடி வினா மட்டும் எனக்கு நிஜமாகவே பிடிக்கும். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் ஞாபகம் இருந்தது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் காட்டினார்கள். ஆனால் யார் முதலிடம் என்ற பட்டியலை அணைத்துவிடுவேன். அது ஓடினால் யோசிக்காமல் வேகமாக அழுத்துவதுதான் நடக்கிறது.

அடுத்த வாரம் சைன் வளைவு. ஸ்லைடர்கள் தயார். முதலில் என்ன கேட்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.