படுத்தால் கூடும் வலி

பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பு வலி என்றால் நம் ஊரில் பதில் தயாராக இருக்கும்: "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்." மாமியார், எதிர்வீட்டு அக்கா, மருந்துக்கடைத் தம்பி, எல்லோரும் இதையே சொன்னார்கள். மகன் தவழத் தொடங்கிய சமயத்தில்தான் எனக்கு வலியும் ஆரம்பித்தது. ஆக, பழி ஊசிமேல் விழுந்தது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம், வருஷக்கணக்கில் நீளும் வலிக்கு அது காரணமில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். வீட்டில் இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

எலும்பு டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பெல்ட், கால்சியம் மாத்திரை, "குனியாதீங்க, ரெஸ்ட் எடுங்க". ரெஸ்ட் எடுக்க எடுக்கத்தான் வலி கூடியது. விடியற்காலை மூன்று, நான்கு மணிவாக்கில் எழுப்பிவிடும். புரள முடியாது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக் கையூன்றி எழ வேண்டும். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தால் மெல்ல விடும். காலையில் குனிந்து வாசல் தெளிக்க முடியாதவள் பதினோரு மணிக்கு கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவிக்கொண்டிருப்பேன். "வேலை நேரத்துக்கு மட்டும் வர்ற வலி" என்று பேச்சு வந்தது. நடிப்பு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காய்ச்சலுக்குப் போன இடத்தில்தான் வழி பிறந்தது. எங்கள் தெரு பொது மருத்துவர், எங்கே வலிக்கிறது என்று கேட்காமல், எப்போது வலிக்கிறது என்று கேட்டார். சொன்னதும் ருமட்டாலஜிஸ்டுக்கு, அதாவது மூட்டுவாத நோய் டாக்டருக்கு, சீட்டு எழுதினார். அங்கேயும் கேள்விகள்தான் அதிகம். எழுந்தபின் விறைப்பு அரை மணிக்கு மேல் நிற்கிறதா? நடந்தால் குறைகிறதா? வலி ஒருசமயம் வலது புட்டம், இன்னொரு சமயம் இடது என்று மாறுகிறதா? குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ்?

முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டை எம்ஆர்ஐ எடுத்ததில் அழற்சி தெரிந்தது. ஹெச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். அந்த மரபணு உள்ள பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றார். நோயின் பெயர் ஆக்சியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ். எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு மூட்டு பாதித்தால் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிறது. பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்கிவிடும். வெகுகாலம் ஆண்களின் நோயாகவே நினைத்ததால் பெண்களுக்குக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது.

நாப்ராக்சன் கொடுத்தார், சாப்பாட்டுக்குப் பிறகு. சில நாளிலேயே இரவு முழுக்கத் தூங்கினேன். 'பெயின்கில்லர் கிட்னியைக் கெடுக்கும்' என்று பயமுறுத்தினார்கள். அதில் உண்மையும் உண்டு, அதற்காகத்தான் கிட்னிக்கான கிரியாட்டினின் டெஸ்ட், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக்கொண்டே வருகிறார். ஆனால் இந்த நோயில் அது வலியை மறைக்க மட்டும் கொடுப்பதல்ல, அழற்சியைத் தணிக்கும் முதல் மருந்தே அதுதான். பிறகு அதுவும் போதாமல், எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்கும் அடாலிமுமாப் ஊசிக்கு மாறினேன்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம், தொடையில். உறங்கிக்கிடக்கும் டிபியை இந்த மருந்து கிளப்பிவிடலாம் என்பதால், முன்கூட்டியே டிபி பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி பரிசோதனை எல்லாம் உண்டு. 2014இல் இந்திய நிறுவனமே இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தைப் போலவே வேலை செய்யும் மாற்று மருந்தை, கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது என்கிறார்கள். இறங்கிய விலையே சம்பளத்தைக் கடிக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இந்த மாதிரி மூட்டுவாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது, வசதியில்லாதவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

ஃபிரிட்ஜில் கறிவேப்பிலை டப்பாவுக்குப் பக்கத்தில் ஊசிப் பெட்டி. ஃபிரீசருக்குள் வைக்கக் கூடாது. சில்லென்று போட்டால் எரிச்சல் உயிர்போகும், அரை மணி முன்னால் வெளியே எடுத்துவைப்பேன்.

வலி ஒழிந்துவிடவில்லை. நல்லா இருக்கிற நாளில் பரண் சுத்தம், போர்வை துவைப்பு என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் மறுநாள் முடங்க வேண்டியதுதான். ஆகவே நல்ல நாளிலும் பாதி வேலை, மோசமான நாளிலும் கொஞ்சம் நடை. தினமும் குதிகால், புட்டம், பின்தலை மூன்றும் சுவரில் படும்படி நின்று மூச்சை நெஞ்சு விரிய இழுக்கிறேன். அலுவலகத்துக்கு வேண்டுமென்றே சின்னத் தண்ணீர் பாட்டில் வாங்கினேன், நிரப்பவாவது எழ வேண்டுமே.

போன வருஷம் ஒரு கண் மட்டும் சிவந்தது. "மெட்ராஸ் ஐ, யாரையும் பார்க்காதே" என்றார்கள். ஆனால் பீளை இல்லை. வெளிச்சம் பட்டால் குத்தியது, பார்வை மங்கியது. இந்த நோய்க்காரர்களுக்குக் கண்ணுக்குள் அழற்சி, யூவியைட்டிஸ், வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் மருந்துக்கடைச் சொட்டு மருந்தைத் தொடாமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போனேன். டோக்கன் போடும்போதே நோயின் பெயரைச் சொன்னேன். ஸ்டீராய்டு சொட்டும் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டும் கொடுத்தார்கள். கண் சரியான பிறகும் சொட்டைச் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள், அப்படியே செய்தேன்.