அலெப்போ சோப்பு: மூன்றாம் முயற்சி

சிரியாவின் அலெப்போ நகரில் ஆலிவ் எண்ணெயும் லாரல் பழ எண்ணெயும் கலந்து காய்ச்சும் சோப்பை வீட்டிலேயே செய்து பார்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அங்கே இதை ‘ஸாபூன் கார்’ என்பார்கள். ‘கார்’ என்பது லாரல் மரத்தின் அரபுப் பெயர். (நம் பிரியாணி இலை வேறொரு மரத்துடையது, அந்தக் குழப்பத்தில் தவறான எண்ணெயை வாங்கிவிடக் கூடாது.)

முதல் முறை, எண்ணெயைச் சோப்பாக்கும் காரத்தை, காஸ்டிக் சோடாவைத் தொடாமல், சாம்பலிலிருந்தே எடுப்பதென்று பிடிவாதமாக இருந்தேன். விறகடுப்புச் சாம்பலை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்து, வடித்த தெளிநீரில் ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சியதில் கிடைத்தது, எத்தனை நாள் வைத்தும் இறுகாத பழுப்புக் கூழ்தான். விறகுச் சாம்பலில் மிகுந்திருப்பது பொட்டாசியம் என்பதும், அது குழைவான சோப்பையே தரும் என்பதும் பிறகுதான் உறைத்தது. சிரியாவிலும் பாலஸ்தீனத்தின் நாப்லுஸிலும் எரித்தவை உவர்நிலச் செடிகள். அவற்றின் சாம்பலில் சோடியம் மிகுதி என்பதால் சோப்பு கட்டியாக இறுகியது. ‘அல்கிலீ’ என்ற அந்தச் சாம்பலின் அரபுப் பெயரே, காரத்தைக் குறிக்கும் ‘ஆல்கலி’ என்ற ஆங்கிலச் சொல் ஆயிற்று. அவ்வகைச் செடிகளை இடித்த ‘உஷ்னான்’ பொடியால் உணவுக்குப் பின் கைகழுவும் வழக்கமும் இடைக்கால அரபு வீடுகளில் இருந்தது.

இரண்டாம் முறை காஸ்டிக் சோடாவுக்கே வந்தேன். அலுமினியக் கரண்டியால் கிளறியதில் கரண்டி கறுத்துக் குமிழிகள் பொங்கின. அவை ஹைட்ரஜன் என்பதால் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்து, அந்தக் கலவையை அப்படியே கைவிட்டேன்.

மூன்றாம் முறை 800 கிராம் ஆலிவ் எண்ணெய், 200 கிராம் லாரல் எண்ணெய், 128 கிராம் காஸ்டிக் சோடா, 300 கிராம் தண்ணீர் எடுத்துக்கொண்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டரை மணி நேரம் காய்ச்சினேன். அலெப்போவில் மூன்று நாள் காய்ச்சி, லாரல் எண்ணெயைக் கடைசியில் சேர்ப்பார்கள். நானும் கடைசியில்தான் சேர்த்தேன். அங்கே பட்டறைத் தரையிலேயே ஊற்றிப் பரப்பி, ஆறியதும் வெட்டி, ஒவ்வொரு கட்டியிலும் கையால் முத்திரை குத்துவார்கள். எனக்கு ஒரு தட்டு போதுமானதாக இருந்தது.

பிசகியது அடுக்கியதில். அலெப்போவில் கட்டிகளுக்கிடையே காற்றுப் புக இடைவெளி விட்டு ஆறு முதல் ஒன்பது மாதம் உலர்த்துவதையும், நாப்லுஸில் உள்ளே வெற்றிடம் விட்டுக் கூம்புக் கோபுரங்களாக எழுப்புவதையும் நான் அழகுக்கான ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன். இடம் மிச்சமாகட்டுமென்று நெருக்கி அடுக்கிய என் கட்டிகளை இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது, காற்றுப் பட்ட பக்கங்கள் பொன்பழுப்பாகியிருக்க, ஒன்றையொன்று தொட்ட பக்கங்கள் பச்சையாகவே, விரல் ஒட்டும் ஈரத்தோடு இருந்தன. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்விரு ஊர்களின் சோப்புத் தொழிலையும் மரபுப் பட்டியலில் சேர்த்ததில் இந்த அடுக்கும் கைகளுக்கும் பங்குண்டு என்று இப்போது தோன்றுகிறது.

குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கி மேலும் இரண்டு மாதம் ஆகிறது. 112 கிராமாக இருந்த கட்டி 98 கிராமுக்கு வந்துவிட்டது. நேற்று ஒன்றை அறுத்துப் பார்த்தேன்: நகக்கனத்துக்குப் பொன்பழுப்புத் தோல், உள்ளே இன்னும் அடர்பச்சை. நுரை குறைவு, லாரலின் புகைகலந்த மணம் கையில் வெகுநேரம் நிற்கிறது. மீதமுள்ளவற்றை ஆறு மாதம் முடியும்வரை தொடுவதாக இல்லை.